ஆறாவது வேலை நாள்

மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்ப்பது எங்கள் பக்கத்து ஆசிரியர்களுக்கு வருஷா வருஷம் உள்ள வேலை. "பிள்ளை பிடிக்கப் போறோம்" என்றுதான் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடி, சித்தூர் தாலுக்கா. வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர் ரோடு, கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. மண் கரிசல், வீட்டில் பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். இங்கே ஒரு தமிழ் வழி எல்.பி. பள்ளியில், அதாவது ஆரம்பப் பள்ளியில், 1990இல் வேலைக்குச் சேர்ந்தேன். 2022இல் ஓய்வு பெற்றேன்.

அந்த 32 வருஷத்தில் நான் பார்த்ததையும், அதிலிருந்து எங்கள் ஊரில் என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். மக்கள் தொகை கூடுகிறது, குறைகிறது என்று பேசுகிறவர்கள் கோடிக் கணக்கில் பேசுகிறார்கள். எனக்கு அது வருகைப் பதிவேட்டில்தான் புரிந்தது.

2015 மே மாதம் ஒரு நாள் மதியம், ஒரே வீட்டு வாசலில் மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் நின்றோம். நான் ஒருத்தி, பக்கத்து மலையாளப் பள்ளியிலிருந்து இரண்டு பேர், ஆங்கில வழிப் பள்ளி வேனோடு வந்த ஒருவர். உள்ளே ஒரே ஒரு பையன். பாட்டி வெளியே வந்து எல்லோருக்கும் மோர் கொடுத்தார். "ஏனுங்க டீச்சர், ஒத்தப் புள்ளைக்கு நாலு பேரு வந்து நிக்கிறீங்க. நான் அஞ்சு பெத்தப்ப எந்த வாத்தியாரும் வாசப்படி மிதிக்கல" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, வியப்பாகத்தான் சொன்னார். அன்று அந்தப் பையன் வேனில் ஏறிப் போய்விட்டான். மோர் குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு நானும் கிளம்பினேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த அவசரம் விளங்காது. கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலையெண்ணிக்கை எடுப்பார்கள். ஒரு வகுப்புக்கு எத்தனை டிவிஷன் (பிரிவு), எத்தனை ஆசிரியர் என்பதெல்லாம் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். அன்று ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்திருந்தால் எங்களுக்கும் காய்ச்சல் வந்த மாதிரிதான். எண்ணிக்கை குறைந்தால் 'டிவிஷன் ஃபால்', கடைசியாகச் சேர்ந்த ஆசிரியர் வெளியே. வகுப்புக்குச் சராசரி 15 பிள்ளைகள்கூட இல்லாத பள்ளியை 'அன்எகனாமிக்', அதாவது நடத்தக் கட்டுப்படியாகாத பள்ளி, என்று எழுதிவிடுவார்கள். நான் சேர்ந்தபோது ஒன்றாம் வகுப்பில் ஏ, பி என்று இரண்டு டிவிஷன். இரண்டாவது பெஞ்சுக்கும் மூன்றாவது பெஞ்சுக்கும் நடுவில் நடக்க இடம் இருக்காது. 2016இல் அதே அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் எங்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: இங்கிலீஷ் மீடியம். பெற்றோருக்குத் தமிழ் மேல் பற்று போய்விட்டது, வேன் வந்து கெடுத்துவிட்டது. ஆசிரியர் கூட்டங்களில் நானும் அப்படிப் பேசியிருக்கிறேன்.

அந்த வருஷம்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேனில் போகிற பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன், அவர்களும் அதிகமில்லை. அப்புறம் மற்ற பிள்ளைகள் எங்கே? சரி, கணக்கு எடுத்தே பார்த்துவிடுவோம் என்று 200 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

முதலில் ஒரு தப்பு செய்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாயத்துப் பிறப்புப் பதிவேட்டைக் கேட்டுப் பார்த்தேன். எங்கள் வார்டு விலாசத்தில் ஒரு வருஷத்துக்கு இரண்டு, மூன்று பிறப்புதான் இருந்தது. பயந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. பிறப்பைப் பதிவது பிள்ளை பிறந்த இடத்தில், பெற்றோர் குடியிருக்கும் இடத்தில் அல்ல. எங்கள் பெண்கள் பிரசவத்துக்குப் போவது பொள்ளாச்சி, கோயம்புத்தூர், பாலக்காடு, சித்தூர். பிள்ளையின் பிறப்பு அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கும். எல்லையோரத்தில் இருப்பவர்கள் யாரும் பஞ்சாயத்துப் பதிவேட்டை மட்டும் வைத்து ஊர்க் கணக்கு போடக் கூடாது.

சரியான கணக்கு அங்கன்வாடியில் இருந்தது. வீட்டுக்கு வீடு போய் யார் கர்ப்பம், யாருக்கு என்ன வயதில் பிள்ளை, யார் குடி பெயர்ந்தார்கள் என்று அங்கன்வாடி டீச்சர் எழுதி வைக்கும் குடும்ப சர்வே பதிவேடு. எங்கள் பள்ளிக்குப் பிள்ளை வரும் வட்டாரத்தில் மூன்று அங்கன்வாடிகள். மூன்றிலும் பழைய பதிவேடுகள் பரணில் கிடந்தன. ஒன்றில் கரையான் பாதியைத் தின்றிருந்தது. அந்த வருஷங்களை அங்கன்வாடி டீச்சரே நினைவிலிருந்து வீடு வீடாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். 20 வருஷமாக அதே ஊரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவருக்கு எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எப்போது நடந்தது என்பதுகூடத் தெரிந்திருந்தது.

நோட்டில் வந்த கணக்கு இதுதான். 2006இல் எங்கள் வட்டாரத்தில் ஒன்றாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் 41. அதில் 26 பேர் எங்களிடம் வந்தார்கள், 9 பேர் வேறு பள்ளி, 6 பேர் ஊரை விட்டுப் போனவர்கள். 2016இல் மொத்தமே 19. எங்களிடம் 6, ஆங்கில வழிக்கு 8, மலையாளத்துக்கு 2, ஊரை விட்டுப் போனவர்கள் 3. 26 பேர் வந்த இடத்தில் 6 பேர், ஆக 20 பிள்ளைகள் குறைவு. பத்து வருஷத்துக்கு முன்பு இருந்த அதே விகிதத்தில் ஊர்ப் பிள்ளைகள் எங்களிடம் வந்திருந்தால்கூட 19 பேரில் 12 பேர்தான் வந்திருப்பார்கள். அப்படியானால் அந்த இருபதில் 14 பேரை யாரும் வேனில் ஏற்றிக்கொண்டு போகவில்லை. அவர்கள் பிறக்கவில்லை, அல்லது பெற்றோர் கல்யாணமானதும் வேறு ஊருக்குப் போய் அங்கே பிறந்துவிட்டார்கள். முன்பிருந்த விகிதத்தைவிடக் கூடுதலாக வேனுக்கும் மற்ற பள்ளிகளுக்கும் போனது மிச்சம் ஆறு.

அந்த ராத்திரி நோட்டை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எத்தனை பெற்றோரிடம் கடிந்து பேசியிருப்பேன், பக்கத்துப் பள்ளி டீச்சர்களோடு எத்தனை மனத்தாங்கல்! எல்லாம் இல்லாத பிள்ளைகளுக்காகப் போட்ட சண்டை.

பிறக்காமல் போனதற்கு யாரைக் குறை சொல்வது? என் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். என் பாட்டி ஒன்பது பெற்றார், பிழைத்தது ஐந்து. பேதி ஒன்றைக் கொண்டுபோனது, அம்மை ஒன்றை, மற்ற இரண்டு என்ன நோய் என்று தெரியாமலே போயின. பாட்டி கடைசிவரை ஒன்பது பெயரையும் வரிசையாகச் சொல்வார். என் அம்மா நான்கு பெற்றார், நான்கும் பிழைத்தோம். நான்காவதாகக் கடைசித் தம்பி பிறந்ததும் தாலுக்கா ஆஸ்பத்திரியில் அம்மா ஆபரேஷன் செய்துகொண்டார். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சிவப்பு முக்கோணத்தோடு சுவரெல்லாம் எழுதிக் கிடந்த காலம். அதற்குச் சில வருஷம் முன்புதான், 1971 ஜூலையில், எர்ணாகுளத்தில் நடந்த முகாமில் ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போனவர்கள் உண்டா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆம்பளைக யாரு போனாங்க? எல்லாம் பொம்பளைகதான் படுத்தோம்" என்றார்.

எனக்கு இரண்டு. என் மகளுக்கு ஒன்று.

இதில் எந்தப் படியும் எனக்குத் தவறாகத் தெரியவில்லை. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் அம்மா நான்கோடு நிறுத்தினார். இன்று கேரளத்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது ஆறு பேர் என்று மத்திய அரசின் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கு சொல்கிறது, அதே கணக்கில் இந்தியச் சராசரி 28. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், இரண்டோடு நிறுத்தினேன். மகள் கோயம்புத்தூரில் கணக்கர் வேலை பார்க்கிறாள். ஒரு பிள்ளைக்கே பள்ளிக் கட்டணமும் வாடகையும் சரியாகிவிடுகிறது. "ரெண்டாவது பெத்தா யாரும்மா பாத்துக்குவா? நீங்க பாட்டிய விட்டுட்டு இங்க வந்திருவீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அப்போது அம்மாவால் தனியாக எழுந்து நடக்க முடியாது.

ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை பிறந்தால் ஒரு தலைமுறையின் இடத்தை அடுத்த தலைமுறை நிரப்பும் என்பது கணக்கு. கேரளம் 1980களின் கடைசியிலேயே அந்த அளவுக்கு இறங்கிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் கேரளம் 1.8, தமிழ்நாடும் 1.8, ஆந்திரம் 1.7, இந்தியா முழுக்க 2.0. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்த் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளை தேடலாம் என்றாலும் அங்கேயும் இதே கதைதான்.

ஒரு கேள்வி எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. 1980களிலேயே பிறப்பு குறைந்துவிட்டது என்றால், 1990இல் என் வகுப்பில் நடக்க இடமில்லாமல் பிள்ளைகள் இருந்தது எப்படி? அதற்கு முந்தைய 20, 25 வருஷத்தில் பிறந்து பிழைத்த பெண்கள் அவ்வளவு பேர். ஆளுக்கு இரண்டு பெற்றாலும் வகுப்பு நிறையும். அந்தப் பெண்கள் எல்லோரும் பெற்று முடித்த பிறகு, அவர்கள் பெற்ற இரண்டு பேரில் ஒருத்தி பெண், அவள் ஒன்று பெறுகிறாள் என்று வரும்போதுதான் வகுப்பறை காலியாகத் தொடங்குகிறது. காரணம் நடந்து 25, 30 வருஷம் கழித்துத்தான் விளைவு பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்கிறது. 2001க்கும் 2011க்கும் இடையில் கேரளத்தின் மக்கள் தொகை 4.9 சதவீதம் கூடத்தான் செய்தது. ஆனால் பத்தனம்திட்டாவிலும் இடுக்கியிலும் அப்போதே குறைந்துவிட்டது. இடுக்கி நம் ஆட்கள் நிறைய இருக்கும் மாவட்டம். மூணாறு, தேவிகுளம் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படித்து இறங்கிப் போனால் மறுபடி லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, வருவதில்லை.

கேரளம் முழுக்க 2014இல் 5 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தார்கள். இப்போது அது 4 லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. இன்று பிறக்காத பிள்ளை ஐந்து வருஷம் கழித்து ஒன்றாம் வகுப்பில் இருக்காது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஐந்து வருஷம் முன்னதாகவே தெரிந்துகொள்ளக் கூடிய ஒரு விஷயத்தை நாங்கள் ஒவ்வொரு வருஷமும் ஆறாவது வேலை நாளன்று கண்டுபிடித்து அழுதுகொண்டிருந்தோம்.

நோட்டு எழுதியதில் கிடைத்த முதல் பயன் இந்தத் தெளிவு. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் மூன்று அங்கன்வாடிகளுக்கும் போய், அடுத்த ஐந்து வருஷத்துக்கு வரப்போகும் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளியில் வைத்துக்கொண்டோம். பக்கத்து மலையாளப் பள்ளி டீச்சர்களிடமும் அந்தப் பட்டியலைக் காட்டினேன். முதலில் அவர்கள் நம்பவில்லை, ஏதோ சூது என்று நினைத்தார்கள். பிறகு அவர்களே ஒரு நாள் தங்கள் பக்கத்து அங்கன்வாடிக் கணக்கைக் கொண்டுவந்து காட்டினார்கள், அதே இறக்கம். அந்த வருஷத்திலிருந்து இரண்டு பள்ளிகளும் விளையாட்டு விழாவைச் சேர்ந்து நடத்தினோம். கபடிக்கு ஒரு அணி தேற வேண்டுமே!

2017 ஆகஸ்டில்தான் பட்டியலில் இல்லாத பிள்ளை ஒன்று வந்தது.

எங்கள் பக்கம் தென்னந்தோப்புகளை ஒட்டி மட்டை மில்கள் உண்டு, தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கும் இடங்கள். 15, 20 வருஷத்துக்கு முன்பு அங்கே எங்கள் ஊர்ப் பெண்கள்தான் நார் உலர்த்தினார்கள். இப்போது ஒடிசா, வங்காளம், அசாம் குடும்பங்கள். பாலக்காட்டு வயல்களில் நாற்று நடுகிறவர்களும் வங்காளத்துக்காரர்கள், கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளிலும் அவர்கள்தான். அரசு இவர்களை 'அதிதி தொழிலாளி', விருந்தாளித் தொழிலாளி, என்கிறது. கடைக்காரர்கள் 'பாய்' என்கிறார்கள். சில பேர் வேறு மாதிரியும் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. 1980களில் என் தாய்மாமா திருச்சூரிலும் எர்ணாகுளத்திலும் கல் சுமந்தார். வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போது, அங்கே தன்னை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவர் சொல்லவே மாட்டார். அத்தைதான் ஒருநாள் சொன்னார். கேரளத்தின் கட்டட வேலையெல்லாம் அன்று தமிழ் ஆட்கள் கையில். நம் பிள்ளைகள் படித்து, எண்ணிக்கையும் குறைந்து, திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போன இடத்தில் இவர்கள் வந்து நிற்கிறார்கள்.

பட்டியலில் இல்லாமல் வந்த பிள்ளை இப்படி ஒரு மட்டை மில் குடும்பத்துப் பெண். அவளுக்கு ஏழு வயது இருக்கும். பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றாள். நான்காம் நாள் நான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். அவளிடம் ஒரு காகிதம் இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இல்லை, ஆதார் ஊரில் இருக்கிறது என்று அப்பா சைகையில் சொன்னார். "காகிதம் இல்லாம எப்படி டீச்சர் சேக்கறது?" என்று பள்ளியில் ஒருவர் கேட்டார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: வயதுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். சேர்த்தோம்.

அவளுக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. மதியம் சோறு போடும்போது தட்டை நீட்டி "பாணி" என்றாள். தண்ணீர் வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, எனக்கு முன்னால். அடுத்த நாள் கரும்பலகையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, உனக்குத் தெரிந்ததை எழுது என்று காட்டினேன். தலையில் குடை பிடித்த மாதிரி வட்டம் வட்டமாக நாலு எழுத்து எழுதினாள். எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. எழுதி முடித்து, வாய்விட்டு வாசித்து, எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பக்கத்தில் 'தண்ணீர்' என்று தமிழில் எழுதி வாசித்தேன். ஒரு வாரத்தில் எங்கள் ஆறு பேர் வகுப்பு ஏழு பேர் ஆகி, ஏழு பேரும் சுவரில் ஒரே சொல்லை மூன்று மொழிகளின் எழுத்தில் எழுதி ஒட்டத் தொடங்கினார்கள். டிசம்பருக்குள் அவள் தமிழில் சண்டை போட்டாள். அவளைப் பார்த்து மட்டை மில்லிலிருந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள்.

ஆனால் மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை ஐந்து பேரும் வரவில்லை. குடும்பங்கள் சனிக்கிழமை ராத்திரியே ரயில் ஏறிவிட்டன. என் கையில் ஐந்து நோட்டுகள், ஐந்து தட்டுகள். அந்தப் பிள்ளைகள் எந்த வகுப்பு வரை வந்தார்கள், என்ன வாசிக்கத் தெரியும் என்பது அவர்கள் போகும் இடத்தில் யாருக்கும் தெரியாது. என் கவனக்குறைவாகத்தான் அதை இன்றும் நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். வெளிமாநிலத்துப் பிள்ளை சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே ஒரு அட்டை. பெயர், எந்த வகுப்பு, என்ன வாசிக்கிறாள், எந்தக் கணக்கு போடுகிறாள், பள்ளியின் போன் நம்பர். மாதா மாதம் அதைப் புதுப்பித்து அம்மா கையில் கொடுத்துவிடுவோம். ஹிந்தியில் இரண்டு வரி எழுதிக் கொடுக்க ஊரில் மிலிட்டரியில் இருந்து வந்த ஒருவர் உதவினார். அட்டையோடு போன பிள்ளை ஒன்று இரண்டு வருஷம் கழித்து ஈரோட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தபோது, அங்கிருந்து ஒரு டீச்சர் எனக்கு போன் செய்து பேசினார். இது எந்தப் பள்ளியும் செலவில்லாமல் செய்யக் கூடியது, சொல்லாமல் விட மனமில்லை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை குறைந்த அதே வருஷங்களில் வீடுகளில் வயதானவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். 2011இல் கேரளத்தில் 60 வயது தாண்டியவர்கள் 12.6 சதவீதம். 2021க்கு மதிப்பிட்ட கணக்கில் 16.5, நாட்டிலேயே அதிகம். தமிழ்நாடு 13.6 சதவீதத்தோடு அடுத்து நிற்கிறது. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. ஐந்தில் கிழவர் கிழவி மட்டும், இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் ஆள் இல்லை.

2019இல் என் அம்மா ராத்திரி குளியலறையில் விழுந்துவிட்டார். நான் பத்து நிமிஷ நடைத் தூரத்தில் இருக்கிறேன், தம்பிகள் மூன்று பேரும் வெளியூர். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. விடிகாலை பால்காரர் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல், ஓட்டைப் பிரித்து இறங்கினார். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஐந்து மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். எங்கள் நான்கு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

அதிலிருந்து எங்கள் தெருவில் சில ஏற்பாடுகள் செய்தோம். தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டு. ஒரு சாவி பக்கத்து வீட்டில். காலையில் வாசல் தெளித்தோ, விளக்கை அணைத்தோ ஆள் எழுந்ததற்கு ஓர் அடையாளம், ஏழு மணிக்குள் அது தெரியாவிட்டால் பக்கத்து வீட்டார் போய்த் தட்டுவார்கள். குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவித் திட்டத்தின் அயல்கூட்டத்தில் வாரா வாரம் உட்காரும் பெண்கள்தான் இதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

படுத்துவிட்ட பெரியவர் இருந்தால், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாலியேட்டிவ் (வீட்டுக்கு வந்து வலி தணித்துப் பராமரிக்கும் சேவை) பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். இது சாகப் போகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்து நானே மூன்று மாதம் தள்ளிப்போட்டேன், கேட்கவே வாய் வரவில்லை. நர்ஸ் வீட்டுக்கு வந்த அன்றுதான் தெரிந்தது: படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட, டியூப் மாற்ற, எங்களுக்குச் சொல்லித் தர என்று அவர்கள் முறை வைத்து வருகிறார்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சின்னதாகத் தொடங்கியது, 2008இல் மாநிலக் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்துகள் நடத்துகிற வேலை. அந்த நர்ஸ் என் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற விதத்தைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில், முட்டியை மடக்கி வைத்துக்கொண்டு.

எல்லையோரத்துக் குடும்பங்களுக்கு இன்னொன்று. மகன் வீடு கோயம்புத்தூர், மகள் வீடு பொள்ளாச்சி என்று பெரியவர்கள் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே இருப்பார்கள். கேரளத்தில் முதியோர் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் மஸ்டரிங் செய்ய வேண்டும், அதாவது உயிரோடு இருப்பதை நேரில் பதிய வேண்டும். அந்த மாதம் அவர்கள் மகன் வீட்டில் இருந்துவிட்டால் பணம் நின்றுவிடும். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படி நின்றது, அவர் மாத்திரை வாங்குவதை நிறுத்திவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. தேதி அறிவித்ததும் மகனுக்கு போன் போட்டுச் சொல்லும் பொறுப்பை இப்போது ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். படுத்த படுக்கையாக இருந்தால் சொல்லி வைத்தால் வீட்டுக்கே வந்து செய்வார்கள். விரல் ரேகை தேய்ந்து போன கைகளுக்கு ரேஷன் கடையிலும் இதே பாடுதான், மிஷின் ஏற்காவிட்டால் போனுக்கு வரும் ஓ.டி.பி. எண் உதவும். அதற்கு அந்த போன் பெரியவரின் வீட்டில் இருக்க வேண்டும், மகனின் சட்டைப் பையில் அல்ல.

அதிகம் பெறுங்கள் என்று தலைவர்கள் பேசுவதைக் கேட்கிறேன். 2024இல் ஆந்திர முதல்வரும் தமிழ்நாட்டு முதல்வரும் அடுத்தடுத்துப் பேசினார்கள். உள்ளாட்சித் தேர்தலில் நிற்க இரண்டு குழந்தைக்கு மேல் கூடாது என்ற விதியை ஆந்திரம் அந்த வருஷமே எடுத்தும்விட்டது. மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கை 1971 மக்கள் தொகைக் கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அது மாறினால் தெற்கே குரல் குறையுமே என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கவலையைத் தீர்க்க என் மகள் இன்னொரு பிள்ளை பெற வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கன்வாடி சாயங்காலம் மூன்றரைக்கு மூடுகிறது, வேலைக்குப் போன பெண் ஆறரைக்கு வீடு வருகிறாள். அந்த மூன்று மணி நேரத்துக்கு யார் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் எத்தனை பெற வேண்டும் என்று பேச உரிமை உண்டு.

கணக்கெடுப்பும் வருகிறது. 2021இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஆம் தேதியைக் கணக்கு நாளாக வைத்து நடக்கிறது. கணக்கெடுக்கிறவர் தாய்மொழி என்ன என்று கேட்டால் தமிழ் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் மலையாளத்தில் கேட்கிறார் என்பதற்காக மலையாளம் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊரில் எத்தனை தமிழர்கள் என்பதை வைத்துத்தான் தமிழ்ப் பாடப்புத்தகமும் தமிழ் தெரிந்த பணியிடமும் கேட்க முடியும். மட்டை மில்லில் இருக்கிற குடும்பங்களிடமும் அவரவர் மொழியைச் சொல்லச் சொல்ல வேண்டும்.

அம்மா போன வருஷம் தை மாதம் காலமானார். அந்த வீட்டைப் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. மட்டை மில்லில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். கணவன், மனைவி, மூன்று வயதில் ஒரு பையன், அடுத்தது வயிற்றில். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியும் நானும் போய் அந்தப் பெண்ணின் பெயரைக் கர்ப்பிணிப் பதிவில் சேர்த்துவிட்டோம். பிரசவம் சித்தூரில் என்று முடிவாகியிருக்கிறது. அங்கன்வாடி டீச்சர் பையனின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டார். அவன் அம்மாவிடம் மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு, எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூட நோட்டில் அவன் சேரப் போகும் வருஷத்துக்கு நேராக எழுதி வைத்தேன். அந்த வருஷத்துக்கு இதுவரை ஒன்பது பெயர் சேர்ந்திருக்கிறது.